எந்தப் படையில் நின்றார்? அமெரிக்க உள்நாட்டுப் போரில் முன்னோரைத் தேடும் வழிகள்

அமெரிக்க அரசு 2020 மே மாதம் வரை ஒரு பென்ஷனைக் கொடுத்துக்கொண்டிருந்தது. மாதம் 73 டாலர் 13 சென்ட். அதைப் பெற்றவர் வட கரோலினாவில் வாழ்ந்த ஐரீன் டிரிப்லெட். அந்த மாதக் கடைசியில் 90 வயதில் இறந்தார். அவருடைய அப்பா மோசஸ் டிரிப்லெட் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்தவர். மூத்த மனைவி இறந்தபின் முதுமையில் மறுமணம் செய்துகொண்டார். 1930-ல் ஐரீன் பிறந்தபோது மோசஸுக்கு வயது 83. தானாக வாழ்க்கை நடத்த இயலாத பிள்ளை என்ற வகையில் ஐரீனுக்கு அந்தப் பென்ஷன் கடைசிவரை வந்தது.

பலரும் இதை ஒரு விநோதச் செய்தியாகப் படித்தார்கள். என்னை நிறுத்தியது மோசஸின் படைச் சரித்திரம். அவர் முதலில் சேர்ந்தது தெற்கின் கான்ஃபெடரேட் படையில். 53-வது வட கரோலினா காலாட்படையில் இருந்து பிறகு 26-வதுக்கு மாறினார். 1863 கோடையில் அந்த ரெஜிமெண்ட் (படைப்பிரிவு) கெட்டிஸ்பர்க் போரை நோக்கிப் போனபோது அவர் உடல்நலம் கெட்டு வர்ஜீனியாவில் ஒரு மருத்துவமனையில் விடப்பட்டார். அங்கிருந்து தப்பி ஓடினார். கெட்டிஸ்பர்க்கில் அவருடைய ரெஜிமெண்ட் பெரும்பகுதி அழிந்தது. அடுத்த ஆண்டு அவர் வடக்கின் யூனியன் படையில், 3-வது வட கரோலினா குதிரைக் காலாட்படையில் சேர்ந்தார். மத்திய அரசின் பென்ஷன் இந்த இரண்டாவது சேவைக்காக வந்தது. அவர் 26-வதிலேயே இருந்து உயிர் பிழைத்திருந்தால், அவர் வாழ்நாளில் வாஷிங்டனில் அவர் பெயரில் பென்ஷன் கோப்பு என்று ஒன்று உருவாகியே இருக்காது.

பிளவுபட்ட போரில் முன்னோரைத் தேடுகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஒரு சிப்பாயைப் பற்றிய காகிதம் அவர் போரிட்டார் என்பதற்காக மட்டும் சேர்வதில்லை. அவரோ, அவர் மனைவியோ, அவரை ஒரு காலத்தில் 'சொந்தம்' கொண்டாடிய எஜமானனோ யாரிடமோ எதையோ நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்காகக் காகிதம் சேர்ந்தது. யார் யாரிடம் எதை நிரூபிக்க வேண்டியிருந்தது என்று கேட்டால், கோப்பு எங்கே இருக்கும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஊரை வைத்துப் பக்கத்தை முடிவு செய்ய முடியாது

தெற்கே 11 மாநிலங்கள் அடிமை முறையைக் காக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்தன. ஆனால் மக்கள் அந்தக் கோட்டின்படி பிரியவில்லை. அடிமை முறை இருந்தும் பிரிந்துபோகாத கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து போன்ற எல்லை மாநிலங்களில் இரண்டு படைக்கும் ஆள் போனார்கள். ஆபிரகாம் லிங்கன், தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் இருவருமே கென்டக்கியில் பிறந்தவர்கள். அந்த மாநிலத்தின் செனட்டர் ஜான் கிரிட்டெண்டனின் ஒரு மகன் யூனியன் படையில் மேஜர் ஜெனரல், இன்னொரு மகன் கான்ஃபெடரேட் படையில் மேஜர் ஜெனரல். லிங்கனின் மனைவி மேரிக்கு மாற்றாந்தாய் வழித் தம்பிகள் தெற்கிற்காகப் போரிட்டார்கள். அவர்களில் சாமுவேல் 1862-ல் ஷைலோவில் மாண்டார். தங்கை கணவர் பென் ஹெல்ம் கான்ஃபெடரேட் ஜெனரலாக 1863-ல் சிக்கமாகாவில் உயிரிழந்தார். வெள்ளை மாளிகையில் இருந்த பெண்ணின் வீட்டிலேயே இந்த நிலை.

1862 மே 23 அன்று வர்ஜீனியாவின் ஃபிரண்ட் ராயல் ஊரில் மோதிய இரண்டு படைகளுக்கும் பெயர் ஒன்றே: 1-வது மேரிலாந்து காலாட்படை. ஒன்று யூனியன், மற்றது கான்ஃபெடரேட். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே பள்ளியில் படித்தவர்கள். பிடிபட்டவர்களுக்குள் கான்ஃபெடரேட் கேப்டன் வில்லியம் கோல்ட்ஸ்பரோவின் தம்பியும் இருந்தார். மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க் போர்க்களத்தில் மிசௌரி எழுப்பிய நினைவுச்சின்னத்தின் உயரம் 42 அடி. அங்கே போரிட்ட மிசௌரிப் படைப்பிரிவுகள் மொத்தம் 42. யூனியனில் 27, கான்ஃபெடரேட்டில் 15. அந்தச் சின்னம் நிற்பதே இரு தரப்பு மிசௌரிக்காரர்களும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடத்தில்தான்.

இந்தப் பெயர்க் குழப்பம் தேடலில் தினசரித் தலைவலி. '5-வது கென்டக்கி காலாட்படை' என்று குடும்பக் குறிப்பில் இருந்தால் அதிலிருந்து எதுவும் முடிவாகாது. அந்தப் பெயரில் இரண்டு தரப்பிலும் ரெஜிமெண்ட் உண்டு. மேற்கு வர்ஜீனியா இன்னும் சிக்கல். அது தனி மாநிலமானதே 1863 ஜூனில். அதற்கு முன் அங்கே திரண்ட யூனியன் படைகளுக்கும் 'வர்ஜீனியா' என்றே பெயர் இருந்தது, பிறகு மாற்றினார்கள். அதே மலை ஊர்களிலிருந்து தெற்கிற்குப் போனவர்கள் கடைசிவரை வர்ஜீனியா ரெஜிமெண்ட்களில்தான் பதிவானார்கள்.

சேர்ந்த இடமும் ஏமாற்றும். 1861 மே மாதம் கென்டக்கி நடுநிலை அறிவித்தது. அதனால் தெற்கின் பக்கம் போக நினைத்த கென்டக்கி இளைஞர்கள் எல்லை தாண்டி டென்னசியில் இருந்த கேம்ப் பூன் என்ற முகாமில் சேர்ந்தார்கள். யூனியன் பக்கம் போனவர்கள் சிலர் ஆற்றைக் கடந்து இந்தியானாவில் சேர்ந்தார்கள். டென்னசியின் கிழக்கு மலைப்பகுதியில் இதற்கு நேர் எதிர். 1861 ஜூன் வாக்கெடுப்பில் மாநிலம் பிரிவினைக்கு ஆதரவாக நின்றபோது கிழக்கு டென்னசி பெரும் வித்தியாசத்தில் எதிர்த்தது. அங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் இரவோடு இரவாக மலை தாண்டிக் கென்டக்கிக்கு வந்து யூனியன் படையில் சேர்ந்தார்கள். ஆக, கென்டக்கியில் சேர்ந்தவர் என்று படைப் பதிவில் இருப்பவர் டென்னசிக்காரராக இருக்கலாம். டென்னசியில் சேர்ந்தவர் கென்டக்கிக்காரராக இருக்கலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். படையில் இருந்தார் என்பதால் அந்தக் கொள்கையை ஏற்றார் என்று ஆகாது. 1862 ஏப்ரலில் கான்ஃபெடரேட் அரசு 18 முதல் 35 வயது வரையுள்ள வெள்ளையின ஆண்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் சட்டம் போட்டது. வடக்கு 1863 மார்ச்சில் அதே வழிக்கு வந்தது. வட கரோலினா மலைகளிலும் கிழக்கு டென்னசியிலும் எத்தனையோ பேர் இழுத்துச் செல்லப்பட்டவர்கள். ஊரோடு ஒத்துப் போனவர்களும் உண்டு. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய கேம்ப்பெல் சகோதரர்களில் அலெக்சாண்டர் நியூயார்க்கில் இருந்ததால் யூனியனின் 79-வது நியூயார்க் படையில் சேர்ந்தார். ஜேம்ஸ் சார்ல்ஸ்டனில் இருந்ததால் கான்ஃபெடரேட் படையில் சேர்ந்தார். 1862 ஜூன் 16-ல் தென் கரோலினாவின் செசெஷன்வில் சண்டையில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். போருக்குப் பிறகும் அண்ணன் தம்பிக்குள் கடிதப் போக்குவரத்து இருந்தது. ஒரு காகிதத்தில் 'ஆஜர்' என்று எழுதியிருப்பதை வைத்து ஒருவருடைய மனதை எழுதிவிடக் கூடாது.

வென்றவர்களின் காகிதம்

பெரும்பாலானோர் தேசியப் பூங்கா சேவையின் இணையத் தரவுத்தளத்தில் தொடங்குகிறார்கள். இலவசம், இரண்டு தரப்பும் அதில் இருக்கின்றன. அங்கே 63 லட்சம் பெயர்ப் பதிவுகள் உள்ளன. ஆனால் போரிட்டவர்கள் தோராயமாக 35 லட்சம் பேர்தான். ஒரே ஆள் இரண்டு ரெஜிமெண்டில், மூன்று எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருப்பதால் இந்த வித்தியாசம். அதனால் பெயர் கிடைத்ததும் மகிழ்ந்துவிடாமல், அவர் இருந்த கம்பெனி, அதாவது ரெஜிமெண்டின் உட்பிரிவு, எந்தக் கவுண்டியில் (மாவட்டத்தில்) திரண்டது என்று பார்க்க வேண்டும். ஏறத்தாழ 100 பேர் கொண்ட ஒரு கம்பெனி பெரும்பாலும் ஒரே வட்டாரத்துப் பையன்களால் ஆனது. 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் ஆளின் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதே கம்பெனியில் இருந்தால், சரியான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள் என்று ஓரளவு நம்பலாம்.

அப்புறம் தேசிய ஆவணக் காப்பகத்தின் சேவைக் கோப்பு. போர் நடந்தபோது இப்படி ஒரு கோப்பு இருந்ததே இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியில் எழுதிய ஆஜர் பட்டியல், மருத்துவமனைப் பதிவேடு, கைதிகள் பட்டியல் என்று சிதறிக் கிடந்தன. போர் முடிந்து பென்ஷன் விண்ணப்பங்கள் குவிந்தபோது எழுத்தர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்தப் பெரிய தாள்களை விரித்து விரித்துப் பார்த்தார்கள். தாள்கள் கிழிந்தன. போர்த் துறையில் இருந்த ஃபிரெட் ஐன்ஸ்வர்த் என்ற மருத்துவர் 1880-களின் கடைசியில் இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு தாளிலும் ஒரு சிப்பாயின் பெயர் வரும் இடத்தையெல்லாம் தனித்தனிக் கார்டில் எடுத்தெழுதி, ஆளுக்கு ஓர் உறையில் போட வைத்தார். தோற்ற தரப்புக்கு அதே வேலை 1903-ல்தான் தொடங்கியது.

அந்த உறையில் வயது, உயரம், கண் நிறம், முடி நிறம், பிறந்த இடம், தொழில், சேர்ந்த நாள், எப்போது இருந்தார், எப்போது இல்லை என்பதெல்லாம் கிடைக்கும். அப்பா அம்மா பெயர் கிடைக்காது. குடும்பத்தைத் தேடுகிறவருக்கு அது வேறு இடத்தில் இருக்கிறது: யூனியன் பென்ஷன் கோப்பில்.

1862 ஜூலைச் சட்டம் காயமுற்றவர்களுக்கும் விதவைகளுக்கும் பென்ஷன் தந்தது. 1890 ஜூன் சட்டம் கதவை அகலத் திறந்தது. 90 நாள் சேவை செய்து கௌரவமாக விடுவிக்கப்பட்டு, இப்போது உடலுழைப்பு செய்ய முடியாத நிலை இருந்தால் போதும். அந்தக் குறை போரால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. விதவை தன் திருமணத்தை நிரூபிக்க வேண்டும், பிள்ளைகள் பிறந்த நாளை நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பதிவு என்ற வழக்கமே பல இடங்களில் இல்லாத காலம். ஆகவே குடும்ப பைபிளில் பிறந்த நாள் எழுதிய பக்கத்தையே கிழித்து அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். மருத்துவச்சி வாக்குமூலம் கொடுப்பார். கம்பெனித் தோழன், இன்ன ஆற்றைக் கடக்கும்போது அவன் முட்டியில் அடிபட்டது எனக்குத் தெரியும் என்று எழுதிக் கொடுப்பார். 1898-லும் 1915-லும் பென்ஷன் அலுவலகம் எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பியது: மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், முந்தைய திருமணங்கள், பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி. ஒரு குடும்பத்தின் நாற்பது ஐம்பது ஆண்டுகள் அந்தக் கட்டுக்குள் இருக்கும். உங்கள் ஆளின் கோப்பு மெல்லியதாக இருந்தால், அவர் கம்பெனியில் இருந்த மற்றவர்களின் கோப்புகளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. தோழனுக்காக அவர் கொடுத்த சாட்சியம் அங்கே இருக்கலாம். பணமும் நேரமும் பிடிக்கும் வேலைதான். ஆனால் அவருடைய சொந்தக் கோப்பில் இல்லாத பேச்சு அங்கேதான் அகப்படும்.

தோற்றவர்களின் காகிதம்

1865 ஏப்ரலில் தங்கள் தலைநகர் ரிச்மண்டைக் கைவிட்டபோது கான்ஃபெடரேட் அரசின் ஆவணங்களில் ஒரு பகுதி எரிந்துபோனது. படைத்துறையின் தலைமை நிர்வாகி சாமுவேல் கூப்பர் முடிந்ததை ரயிலில் ஏற்றி வட கரோலினாவின் சார்லட் நகருக்குக் கொண்டுபோனார். பின்னர் அவை வென்றவர்களிடம் ஒப்படைக்கப்பட்டு வாஷிங்டன் வந்தன. இன்றைக்குக் கான்ஃபெடரேட் சிப்பாயின் சேவைக் கார்டுகள் இருப்பதற்கு அந்த ரயில் பெட்டிகள் ஒரு முக்கியக் காரணம். போரின் கடைசி மாதங்களுக்கு வரும்போது அந்தக் கார்டுகள் திடீரென்று நின்றுபோகும். அதைப் பார்த்து ஓடிவிட்டார் என்றோ இறந்துவிட்டார் என்றோ முடிவு செய்யக் கூடாது. எழுதுகிற ஆளும் இல்லை, எழுதியது மிஞ்சவும் இல்லை. அந்த மாதங்களுக்கு நம்பத் தகுந்தவை வடக்கு எழுதிய காகிதங்களே: கைதிகள் பதிவேடு, இனிப் போரிட மாட்டோம் என்று உறுதி வாங்கிச் சரணடைந்தவர்களை விடுவித்த பரோல் பட்டியல், விசுவாசப் பிரமாணம். தெற்கின் தளபதி லீ சரணடைந்த அப்போமாட்டாக்ஸில் மட்டும் ஏறத்தாழ 28,000 பேருக்குப் பரோல் சீட்டு கொடுத்தார்கள்.

பென்ஷனைப் பொறுத்தவரை 1958 வரை மத்திய அரசு இவர்களுக்கு எதுவும் தரவில்லை. தெற்கு மாநிலங்கள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து, வறியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் சிறு தொகை கொடுத்தன. டென்னசி 1891-ல், டெக்சாஸ் 1899-ல், கென்டக்கி 1912-ல், மிசௌரி 1913-ல், ஒக்லஹோமா 1915-ல் தொடங்கின. இங்கே தேடுபவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். எந்த மாநிலத்துப் படையில் போரிட்டாரோ அந்த மாநிலத்தில் விண்ணப்பம் இருக்கும் என்று நினைக்கிறார்கள். முதுமையில் எங்கே வசித்தாரோ அந்த மாநிலத்திடம்தான் கேட்டிருப்பார். கென்டக்கியில் பிறந்து, கென்டக்கி ரெஜிமெண்டில் போரிட்டு, 1880-களில் நிலம் தேடி டெக்சாஸ் போனவரின் கோப்பு அதன் தலைநகர் ஆஸ்டினில் இருக்கும். ஆகவே அவர் எங்கே போரிட்டார் என்பதற்கு முன் எங்கே கண்ணை மூடினார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வசதியாக இருந்தவர் விண்ணப்பித்திருக்கவே மாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டென்னசி இன்னொரு காரியமும் செய்தது. 1915-லும் 1920-களின் தொடக்கத்திலும் உயிரோடிருந்த இரண்டு தரப்பு வீரர்களுக்கும் கேள்விப் படிவம் அனுப்பியது. 1,600-க்கும் மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். உங்கள் வீட்டில் எத்தனை அறைகள், அப்பாவுக்கு எவ்வளவு நிலம், அடிமைகளை வைத்திருந்தீர்களா, வைத்திருந்தவர்கள் இல்லாதவர்களைச் சமமாக நடத்தினார்களா என்றெல்லாம் கேள்வி. நடுங்கும் கையெழுத்தில் கிழவர்கள் எழுதிய பதில்களைப் படிக்கும்போது, போரைப் பற்றி எந்த ஜெனரலின் நினைவுக்குறிப்பும் தராத ஒரு நெருக்கம் வருகிறது. உங்கள் ஆள் அதில் இல்லாவிட்டாலும் அவருடைய கவுண்டிக்காரர் எழுதியிருப்பார். படித்தே ஆக வேண்டிய பதிவு.

எந்தப் பக்கம் என்றே தெரியாவிட்டால்

எல்லை மாநிலக் குடும்பங்களில் இதுதான் சாதாரண நிலை. சில கணக்கெடுப்புகள் உதவுகின்றன. 1910 கணக்கெடுப்பில் 30-வது பத்தியில், போரில் இருந்தவர் என்றால் எந்தத் தரப்பு, தரைப்படையா கடற்படையா என்று இரண்டு எழுத்தில் குறித்தார்கள். அவருக்கு அப்போது அறுபது எழுபது வயது இருக்கும். உயிரோடிருந்தால் இந்த ஒரு பத்தியே கேள்வியை முடித்துவைக்கும். 1890-ல் யூனியன் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் என்று தனியாகக் கணக்கெடுத்தார்கள். அந்த ஆண்டின் பொதுக் கணக்கெடுப்பு 1921 தீ விபத்தில் சேதமுற்று ஏறக்குறைய முழுவதும் தொலைந்தது. வீரர்கள் பட்டியல் மட்டும் கென்டக்கியின் ஒரு பகுதியிலிருந்து அகரவரிசையில் வயோமிங் வரை தப்பியது. எல்லை மாநிலத்துக் கணக்கெடுப்பாளர்கள் பலர் கான்ஃபெடரேட் வீரர்களையும் அதில் எழுதிவிட்டார்கள். மேற்பார்வையாளர்கள் அந்தப் பெயர்கள் மேல் கோடு போட்டார்கள். கோட்டுக்கு அடியில் பெயர் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அடித்த பெயர்களைத் தேடிப் படியுங்கள்.

கல்லறைக் கற்களும் பேசும். அரசு கொடுத்த யூனியன் கல்லில் கேடய வடிவம் குழிந்திருக்கும், உள்ளே எழுத்து புடைத்திருக்கும். கான்ஃபெடரேட் கல்லின் உச்சி கூராக இருக்கும். ஆனால் தனியார் இடுகாடுகளுக்கும் கான்ஃபெடரேட் கல் கொடுக்கும் சட்டம் 1929-ல்தான் வந்தது. கல் வைத்தவர் பேரனாக இருக்கலாம், கதை கேட்டு வைத்ததாகவும் இருக்கலாம். கல்லைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

இரண்டு பக்கமும் இருந்தவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். வடக்கின் சிறைமுகாம்களில் வாடிய கான்ஃபெடரேட் கைதிகளில் கிட்டத்தட்ட 6,000 பேர் விடுதலைக்கு ஈடாக யூனியன் படையில் சேர்ந்தார்கள். பழைய தோழர்களோடு மோத வேண்டாம் என்று அவர்களைப் பெரும்பாலும் மேற்கே பழங்குடிகளின் நிலப்பகுதிக் கோட்டைகளுக்கு அனுப்பினார்கள். இவர்களைக் கொண்டு அமைத்த 1-வது முதல் 6-வது வரையான அமெரிக்கத் தன்னார்வக் காலாட்படைகளில் பெயர் கிடைத்தால், அதே பெயரைத் தெற்கின் கார்டுகளிலும் தேட வேண்டும். குடும்பத்தில் இதைப் பற்றிப் பேசியே இருக்க மாட்டார்கள்.

பக்கம் தெரியாத குடும்பத்துக்கு நான் மிகவும் மதிக்கும் ஆவணம் தென்பகுதிக் கோரிக்கை ஆணையத்தின் கோப்புகள். 1871-ல் அமைந்த இந்த ஆணையம், போரின்போது யூனியன் படை எடுத்துக்கொண்ட குதிரை, சோளம், பன்றி, வேலிக்கட்டை ஆகியவற்றுக்கு இழப்பீடு கேட்ட தென்பகுதி மக்களை விசாரித்தது. முக்கிய நிபந்தனை: போர் முழுக்க யூனியனுக்கு விசுவாசமாக இருந்ததை நிரூபிக்க வேண்டும். 22,298 கோரிக்கைகள் வந்தன. விசாரணைக் கேள்விகளில், தெற்குப் படையில் உங்களுக்கு நெருங்கிய உறவினர் யாராவது இருந்தார்களா, அவர்களுக்கு உடையோ பணமோ கொடுத்தீர்களா என்பதும் ஒன்று. அதற்குப் பதிலாகத் தாய் தன் மகன்களைப் பற்றியும் அண்ணன் தம்பியைப் பற்றியும் சத்தியம் செய்து சொன்னது அப்படியே பதிவாகியிருக்கிறது. அக்கம்பக்கத்தாரும் சாட்சி சொன்னார்கள், அடிமைகளாக இருந்தவர்களும் சொன்னார்கள். சிப்பாயே அல்லாத ஒருவரின் கோப்பில் உங்கள் சிப்பாய் வந்து நிற்கலாம். கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தாலும் கோப்பு இருக்கும். அந்தக் கோப்புகளிலும் பேச்சு நிறையவே இருக்கிறது.

கென்டக்கியின் மறதி

குடும்பக் கதையை ஏன் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும் என்பதற்குக் கென்டக்கியே போதும். அங்கே யூனியன் படைக்குப் போனவர்கள் தெற்குப் படைக்குப் போனவர்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் போருக்குப் பிறகு மாநிலத்தின் அரசியலும் நினைவும் தெற்கின் பக்கம் சாய்ந்தன. அடிமைகளை விடுவித்ததும் கறுப்பினத்தவரைப் படையில் சேர்த்ததும் அங்கே பல வெள்ளையர்களைக் கோபப்படுத்தின. 1895-ல் லூயிவில் நகரில் எழுந்தது கான்ஃபெடரேட் நினைவுச்சின்னம். 1902-ல் பிவீ வேலியில் முன்னாள் கான்ஃபெடரேட் வீரர்களுக்கு இல்லம் திறந்தார்கள். இந்தச் சூழலில் வளர்ந்த பேரப்பிள்ளைகள், தாத்தா தெற்கின் சாம்பல் நிறச் சீருடை போட்டவர் என்று கேட்டும் நம்பியும் வளர்ந்தார்கள். கோப்பைத் திறந்தால் யூனியனின் நீலச் சீருடை. இது ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. ஊர் எதைக் கொண்டாடியதோ அதைக் குடும்பமும் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தக் கொண்டாட்டத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு.

அந்த மறதியில் முழுவதுமாக அழிந்துபோனவர்கள் கென்டக்கியின் கறுப்பினச் சிப்பாய்கள். யூனியன் தரைப்படையில் மொத்தம் ஏறத்தாழ 1,79,000 கறுப்பினத்தவர் இருந்தார்கள். அவர்களில் 23,000-க்கும் மேற்பட்டோர் கென்டக்கியிலிருந்து. லூசியானாவுக்கு அடுத்த இடம். அவர்களின் பெரிய சேர்க்கை மையம் கேம்ப் நெல்சன். படையில் சேர்ந்த அடிமைக்கு விடுதலை கிடைத்தது, ஆனால் அவன் மனைவி மக்களுக்குக் கிடைக்கவில்லை. ஓடிவந்த குடும்பங்கள் முகாமைச் சுற்றிக் குடிசை போட்டுக்கொண்டன. 1864 நவம்பர் கடும் குளிரில் முகாம் அதிகாரிகள் ஏறக்குறைய 400 பெண்களையும் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றி வெளியேற்றிக் குடிசைகளை இடித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த நவம்பரில் ஜோசஃப் மில்லர் என்ற சிப்பாய் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நோயுற்ற மகனை வெளியே அனுப்பினால் இறந்துவிடுவான் என்று காவலனிடம் கெஞ்சியதாகச் சொல்கிறார். அன்றிரவு ஆறு மைல் தள்ளியிருந்த நிக்கலஸ்வில்லுக்கு நடந்துபோய்க் குடும்பத்தைக் கண்டுபிடித்தபோது மகன் இறந்திருந்தான். மறுநாள் மீண்டும் நடந்துபோய்த் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தார். சில வாரங்களில் அவருடைய மனைவியும் மற்றப் பிள்ளைகளும் இறந்தார்கள். 1865 ஜனவரியில் அவரும் இறந்தார். இந்த வெளியேற்றம் வடக்கில் எழுப்பிய கொந்தளிப்பு, சிப்பாய்களின் மனைவி மக்களை விடுவிக்கும் 1865 மார்ச் 3 சட்டத்துக்குத் துணை நின்றது. ஒரு சிப்பாயின் குடும்பத்துக்கு நடந்ததை அவர் வாயாலேயே நாம் கேட்பதற்கு இந்த ஒரு வாக்குமூலம்தான் வழி என்பது தாங்க முடியாத விஷயம்.

இந்தச் சிப்பாய்களின் வழித்தோன்றல்கள் தேடும்போது 1870 என்ற சுவரில் முட்டுகிறார்கள். அடிமைகளாக இருந்தவர்களைப் பெயர் சொல்லி எழுதிய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டில்தான் நடந்தது. 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் எஜமானன் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் மட்டும். இந்தச் சுவரில் ஒரு வாசல் இருக்கிறதென்றால் அது படைக் கோப்புதான். எல்லை மாநிலங்களில் தன் அடிமை படையில் சேர்ந்தால் விசுவாசமான எஜமானன் 300 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம் என்று அரசு சொன்னது. பணம் கேட்டவன் உடைமையை நிரூபிக்க வேண்டும். அதனால் சிப்பாயின் சேவைக் கோப்பிலேயே எஜமானனின் பெயரும், யாரிடமிருந்து எப்போது வாங்கினான் என்ற விவரமும், சில நேரம் விடுதலைப் பத்திரமும் இருக்கும். மனிதனை விலைபேசிய காகிதம் அது. அவனுடைய பேரப்பிள்ளைகளை அவனுடைய தாயிடம் கொண்டுசேர்ப்பதும் அதுவே. எஜமானனின் உயில், சொத்துப் பங்கீடு, வரிப் பதிவு என்று அந்தப் பெயரைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம்.

விதவையின் பென்ஷன் கோப்பு இன்னும் ஆழமானது. அடிமைகளின் திருமணத்துக்குச் சட்டமும் இல்லை, சான்றிதழும் இல்லை. 1864-ல் வந்த சட்டத் திருத்தம் கணவன் மனைவியாக வாழ்ந்ததற்குச் சாட்சி இருந்தால் ஏற்கலாம் என்றது. அலுவலகம் சந்தேகப்பட்டால் சிறப்பு விசாரணையாளரை அனுப்பியது. கறுப்பின விண்ணப்பதாரர்களை இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டது. அவமானப்படுத்தும் கேள்விகள் நிறைய. ஆனால் அந்த விசாரணையாளர் எழுதிக்கொண்ட வாக்குமூலங்களில்தான், எந்தத் தோட்டத்தில் பிறந்தாள், எந்தச் சந்தையில் தாயைப் பிரித்தார்கள், எந்த ஞாயிற்றுக்கிழமை யார் முன்னிலையில் கல்யாணம் நடந்தது என்பதெல்லாம் அவர்கள் வாயாலேயே கிடைக்கிறது.

இவர்களைத் தேடும்போது ஒரு பெயரோடு நிறுத்தக் கூடாது. படையில் எழுத்தர் கேட்டபோது எஜமானனின் குடும்பப் பெயரையே போட்டுக்கொண்டவர் பலர். விடுதலையான பின் தந்தையின் பெயரையோ தானே தேர்ந்த பெயரையோ வைத்துக்கொண்டார்கள். 1870 கணக்கெடுப்பில் ஒரு பெயர், சேவைக் கார்டில் இன்னொரு பெயர். பென்ஷன் பெயர்ப்பட்டியல் கார்டில் இரண்டையும் சேர்த்து 'இன்ன பெயராலும் அறியப்பட்டவர்' என்று குறித்திருப்பார்கள். போருக்குப் பின் தொடங்கி 1874-ல் மூடப்பட்ட, விடுதலையான கறுப்பினத்தவருக்கான ஃபிரீட்மன் வங்கியின் கணக்குப் பதிவேட்டில் ரெஜிமெண்ட், கம்பெனி, பெற்றோர், உடன்பிறந்தோர், சில இடங்களில் கடைசி எஜமானன் வரை எழுதியிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ரெஜிமெண்ட் எண் ஒத்துப்போனால் பெயர் மாறியிருப்பதைப் பார்த்து விலக வேண்டாம்.